ராஜாவுக்காகச் சொல்லாத ஜெபம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
24 ஆகஸ்ட் 2025

பரிக்கு,

என் எண்ணை நீ பிளாக் செய்துவிட்டாய் என்பது நேற்றுதான் உறுதியாகத் தெரிந்தது. அதனால்தான் இந்தக் காகிதம். தபால்பெட்டிக்குப் போவதற்குள் கிழித்துவிடுவேனோ என்று பயந்து வேகமாக எழுதுகிறேன்.

நீ மற்றவர்கள் சொல்லி எல்லாவற்றையும் கேட்டிருப்பாய். செய்தவள் நான், என்னிடமிருந்தும் கேள்.

சுதந்திர தினப் பேச்சுப் போட்டிக்கு 'நம் பகுதியின் அறியப்படாத தியாகி' என்று தலைப்புக் கொடுத்தார்கள். மற்றப் பிள்ளைகள் இணையத்தில் கிடைத்த பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு உன் கொள்ளுத்தாத்தா உபதேசியார் தேவவரம் நினைவுக்கு வந்தார். போன வருடம் விடுமுறைக்கு ராஜபாளையத்தில் உங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது உன் தாத்தா பொன்னுராஜ் சொன்னதை அப்படியே எழுதினேன். வத்திராயிருப்புப் பக்கத்தில் சின்ன ஊர், அங்கே மிஷன் கோவில், அதில் பிரசங்கம் செய்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் ஞாயிறுதோறும் ஆராதனையில் இங்கிலாந்து ராஜாவுக்காக ஒரு ஜெபம் சொல்ல வேண்டும். அதை அவர் சொல்லாமல் விட்டார். மிஷன் அவரை வேலையைவிட்டு நீக்கியது. எழுதி எங்கள் தமிழாசிரியர் நவநீதகிருஷ்ணன் சாரிடம் காட்டினேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஜெயிலுக்கு எப்பப் போனாரு?"

"போகல சார்."

"போகலையா? ஒரு ஜெபத்தச் சொல்லாம விட்டாருன்னு முடிச்சேன்னா நடுவரு கொட்டாவி விடுவாரும்மா."

அவர் பொய் எழுதச் சொல்லவில்லை. அதை நானாகத்தான் எழுதினேன். ஒன்பது மாதச் சிறை, கல் உடைத்த கைகள், முதுகில் சவுக்கடி, அடிக்கு நடுவில் ஜெபம் என்று ஒரு பத்தி சேர்த்தேன். சத்தமாக வாசித்துப் பார்த்தபோது எனக்கே அழுகை வந்தது. அழுகை வந்ததும் அது உண்மைதான் என்று தோன்றிவிட்டது.

முதல் பரிசு கிடைத்தது. பேச்சைச் செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்தில் முழுவதுமாகப் போட்டார்கள். அந்தக் கோவிலைப் புதிதாகக் கட்டுகிறார்கள், பழைய ஊழியர்களின் பெயர்க் கல் வைக்கப் போகிறார்கள், அதில் உபதேசியார் பெயரும் வரும், அதைப் பார்க்கத்தான் தாத்தா உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நீ சொல்லியிருந்தாய். என் பேச்சு அதற்கு உதவும் என்று நம்பினேன்.

நீ வள்ளி என்று கூப்பிடுகிறவளுக்கு ஒரு வரியாவது எழுது. திட்டியாவது எழுது.

வஞ்சுளவல்லி

*

ராஜபாளையம்
31 ஆகஸ்ட் 2025

வஞ்சுளவல்லிக்கு,

திட்டு கேட்டாய், தருகிறேன்.

செய்தித்தாள் வந்த அன்று மத்தியானமே எங்கள் சபை வாட்ஸ்அப் குரூப்பில் ஆரம்பித்துவிட்டார்கள். "எந்த ஜெயிலு? எந்த வருசம்?" என்று ஒருவர். தியாகிகள் வாரிசுதாரர் என்று வேல்பாண்டி என்பவர் வீட்டுக்கே வந்தார். "எங்க தாத்தா நெசமாவே உள்ள கெடந்து ரத்தரத்தமா கக்குனவரு. நீங்க நோகாம நொங்கு திங்கலாம்னு பாக்கீகளோ?" என்று அப்பாவிடம் வாசலில் நின்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அதன் பிறகு ஒருவர் வாய்ஸ் மெசேஜில், "கல்லுல பேரு ஏறணும்னு பொய் சொல்லுத குடும்பம்" என்றார். அம்மா அதைக் கேட்டுவிட்டுச் சமையல்கட்டிலிருந்து வெளியே வரவே இல்லை.

சபை விதிப்படி நீக்கப்பட்டவர் பெயர் அந்தக் கல்லில் வராது. அப்பா பல வருடம் நடந்து நடந்து, இப்போதுள்ள சபை ஐயர்தான் மனம் இரங்கி, ஒருவருக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுக்கலாம் என்று கமிட்டியைச் சம்மதிக்க வைத்திருந்தார். போன ஞாயிறு கமிட்டிச் செயலர் அப்பாவிடம், "அண்ணே, ஜெயிலு பொய்யின்னா மத்ததும் பொய்யாத்தான இருக்கும்? பேர எடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அதுகூடப் பெரிதில்லை. நீ அதைச் சின்ன விஷயம் என்று நினைத்தாய் பார், அதுதான்.

தாத்தா சொன்னபோது நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். "ராஜா பேரு வார எடத்துல அப்பா செத்த நேரம் சும்மா நின்னாக. பொறவு ஜெயில்ல கெடந்த நம்மூர்க்காரக மூணு பேரு பேரச் சொல்லி ஜெபம் பண்ணுனாக. மூணு பேருல ஒருத்தரும் நம்ம சபை கெடையாது" என்றார். ஒரு நாள் இல்லை, வாரா வாரம். ஒரு ஞாயிறு மிஷனின் வெள்ளைக்காரத் துரை முன்கூட்டிச் சொல்லாமல் வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். துரை இருப்பது தெரிந்தும் தன் அப்பா ராஜாவை விட்டுத்தான் ஜெபம் சொன்னார் என்று தாத்தா சொல்லும்போது அவர் குரல் எப்படி இருந்தது? அன்று சாயங்காலமே மிஷன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். கொள்ளுத்தாத்தா மழையில் மாட்டுவண்டியில் பெட்டி படுக்கையோடு இந்த ஊருக்கு வந்து, மில்லில் பஞ்சு சுமந்து, சுதந்திரத்தைப் பார்க்காமலே செத்துப்போனார். எந்த இடத்தில் புதைத்தார்கள் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

இதற்கு மேல் என்ன சவுக்கடி வேண்டியிருந்தது உனக்கு?

பரிபூரணம்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
14 செப்டம்பர் 2025

பரி,

உன் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, "பஸ்ஸுக்குக் கிளம்பு" என்றார்.

முதலில் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன். செய்தித்தாளுக்குத் திருத்தம் எழுதினேன். உள்பக்கத்தில் மருந்துக்கடை விளம்பரத்துக்குக் கீழே இரண்டு வரி போட்டார்கள், அதிலும் தேவவரத்தைத் தேவராஜ் ஆக்கிவிட்டார்கள். அதற்குத் திருத்தம் கேட்டால் சிரிக்கிறார்கள்.

நேற்று உங்கள் ஐயரைப் பார்க்கப் போனோம். ஐயர் வீட்டுக்குப் போகிறோம் என்றதும் அம்மா, "எந்த ஐயர்? வடக்கு மாடத் தெருவா? வெறுங்கையோட போகாதேங்கோ" என்று வாழைப்பழச் சீப்பை எடுத்துக் கொடுத்துவிட்டாள். நீங்கள் உங்கள் குருவானவரையும் ஐயர் என்றுதான் கூப்பிடுவீர்கள் என்று விளக்குவதற்குள் பஸ் வந்துவிட்டது. பழத்தோடுதான் போனோம். ஐயரம்மா வாங்கிக்கொண்டு காப்பி கொடுத்தார்கள்.

கமிட்டிச் செயலரும் இருந்தார். "ஏம்மா, ஆண்டாள் கோவில் பிள்ளைக்கு எங்க சபைக் கல்லுல என்ன சோலி?" என்றார். அப்பாதான், "தப்புப் பண்ணினது எங்காத்துக் குழந்தை. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம். அந்தக் குடும்பம் பொய் சொல்லலை" என்றார். அதன்பின் நான் எல்லாவற்றையும் சொன்னேன். எந்தப் பத்தி என்னுடையது, எது தாத்தா சொன்னது என்று தாளில் கோடு போட்டுக் காட்டினேன்.

ஐயர் அந்தத் தாளை வாங்கி வாசித்தார். பிறகு செயலரைப் பார்த்து, "கண்ணால பாத்தவரு பொன்னுராஜ் ஐயா ஒருத்தருதான் மிச்சம். நாம ரெண்டு பேரும் போவோம். அவரு வாயால சொல்லட்டும். ராஜா ஜெபத்த விட்டதுக்காகத்தான் நீக்குனாகன்னு அவரு சொல்லி நீங்க கேட்டுட்டா பேரு கல்லுல ஏறட்டும். சரிதானே?" என்றார். செயலரும் சரி என்றார்!

அடுத்த வாரம் வருகிறார்கள். திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு உட்காரவே முடியவில்லை. தாத்தா சொல்லிவிடுவார், பரி. எனக்குச் சொன்னதுபோல் அவர்களுக்கும் சொல்லிவிடுவார்.

வள்ளி

*

ராஜபாளையம்
22 செப்டம்பர் 2025

வள்ளி,

வந்தார்கள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தாத்தாவுக்குக் காலையிலேயே வெள்ளை வேட்டி கட்டிவிட்டோம். ஐயர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். செயலர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஐயா, ஒங்க அப்பா உபதேசியார எதுக்கு நிப்பாட்டுனாக? ஞாபகம் இருக்கா?" என்று ஐயர் கேட்டார்.

தாத்தா முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தார். "ஞாபகம் இல்லாம? போலீசு வந்து இழுத்துட்டுப் போனாக. ஒம்போது மாசம் ஜெயிலு. கல்லு ஒடச்சு ஒடச்சு கையெல்லாம் ரத்தம். முதுகுல சவுக்கால அடிச்சாக. ஒவ்வொரு அடிக்கும் அப்பா ஜெபம் பண்ணுனாக."

உன் பத்தி. உன் வார்த்தைகள். ஒன்றுகூட மாறவில்லை.

அப்பா பதறிப்போய், "அது இல்லப்பா, கோவில்ல நடந்ததச் சொல்லுங்க. ராஜாவுக்கு ஜெபம் பண்ணாம விட்டாகள்ல, அது?" என்றார்.

தாத்தா யோசித்தார். "ராஜாவா? எந்த ராஜா?" என்று கேட்டார்.

செயலர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். "விடுங்கண்ணே. வயசாயிருச்சு" என்று எழுந்துவிட்டார். ஐயர் ஜெபம் செய்துவிட்டு, அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

எப்படி நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. தாத்தாவைப் பார்த்துக்கொள்ள வருகிற இருளம்மாள் அக்கா தினமும் மத்தியானம் அந்தச் செய்தித்தாளை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவர்தான் கேட்பாராம். ஒரு மாதத்துக்கு மேல். அக்காவிடம் சத்தம் போட்டேன். அவள் கண் கலங்கி, "எனக்கென்ன பாப்பா தெரியும்? அதக் கேட்டா ரெண்டு வாய் கூடச் சாப்புடுதாக. அம்புட்டுச் சந்தோசம். அதான் வாசிச்சேன்" என்றாள். அவளை எப்படித் திட்டுவது?

அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்த்தவர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். இப்போது அவரும் பார்க்கவில்லை.

பரி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
2 அக்டோபர் 2025

பரி,

மூன்று தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். மன்னித்துக்கொள் என்று எழுதினால் உன்னை ஏதோ செய்யச் சொல்லிக் கேட்பதுபோல் இருக்கிறது. அதனால் எழுதவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அப்பா கோவிலில் பாசுரம் ஓதுகிற கோஷ்டியில் சேவிக்கிறவர் என்பது உனக்குத் தெரியும். நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, எல்லோரும் சேர்ந்து சேவிக்கும்போது ஒருவர் வேண்டுமென்றே ஒரு வரியை விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அப்பா சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டார். "கோஷ்டியே நின்னுடும். அத்தனை பேரும் அவன் மூஞ்சியைப் பார்ப்பா. தப்பா விட்டா ஒருத்தர் எடுத்துக் கொடுப்பா. தெரிஞ்சு விட்டா? அதுக்கு ரொம்பத் தைரியம் வேணும். மறுநாள் அவன் கோவிலுக்குள்ள கால் வைக்கணுமே" என்றார்.

போட்டிக்கு முன்பே அவரிடம் இதைக் கேட்டிருக்கலாம். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

வள்ளி

*

ராஜபாளையம்
26 அக்டோபர் 2025

வள்ளி,

தாத்தா இப்போது கஞ்சி மட்டும்தான் குடிக்கிறார். டாக்டர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியவில்லை. அப்பாவிடம் சொன்னால் அழுதுவிடுவார்.

தாத்தா தன் அப்பா இன்னும் ஜெயிலில் இருக்கிறார் என்று நினைக்கிறார். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, அப்பா எப்ப வருவாக?" என்றார். நான் போர்வையைச் சரிசெய்தேன். "ஒம்போது மாசம்னாக. முடிஞ்சிருக்கும்லா?" என்று மறுபடியும் கேட்டார்.

எனக்கு அந்தக் கதை பிடிக்காது. எங்கள் கொள்ளுத்தாத்தாவை எடுத்துக்கொண்டு போய்விட்டு யாரோ ஒருவரைக் கொண்டுவந்து வைத்ததுபோல் இருக்கிறது. உண்மையைச் சொல்லித் திருத்த வேண்டும் என்று வாய்வரை வந்தது. அப்போது அவரே சொன்னார்: "பள்ளிக்கூடத்துல பயலுக எல்லாம் கேலி பண்ணுவானுக. ஏலே, ஒங்க அப்பன் என்ன திருடுனான், வெள்ளக்காரன் வெரட்டி விட்டுட்டான்னு. இனிமே சொல்ல மாட்டானுக. ஜெயிலுக்குல்லா போயிருக்காக."

ஒன்பது வயதுப் பையனாகப் பேசுகிறார், வள்ளி. நமக்கு அவர் எத்தனை தடவை அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லியிருப்பார், எவ்வளவு பெருமையாகச் சொல்வார். உள்ளே இதுவும் இருந்திருக்கிறது. ஜெபத்தை விட்டதற்காகத்தான் என்று அந்தப் பயல்களிடம் சொல்லியிருந்தாலும் அவர்களுக்குப் புரிந்திருக்காது. உனக்கே புரியவில்லையே.

"வருவாக தாத்தா. வந்துக்கிட்டே இருக்காக" என்றேன்.

பொய்தான். உன்னைத் திட்டின வாயால் நானும் சொன்னேன். தூங்கிவிட்டார்.

பரி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
24 நவம்பர் 2025

பரி,

தாத்தாவின் அடக்கத்துக்கு நானும் அப்பாவும் வந்திருந்தோம். வத்திராயிருப்பு பஸ்ஸில் இறங்கி நடந்து வந்தபோது நீங்கள் பெட்டியை உபதேசியார் பிரசங்கம் செய்த அந்தக் கோவில் காம்பவுண்டுக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்தீர்கள். நாங்கள் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றோம். நீ திரும்பிப் பார்த்தாய். பார்த்தாயா இல்லையா என்று இன்றுவரை தெரியவில்லை.

நேற்று கோவில் பிரதிஷ்டைக்குத் தனியாக வந்தேன். நீங்கள் யாரும் வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். கடைசி வரிசையில் ஒரு பாட்டியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் தன் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார்கள்.

கல்லைத் திறந்தார்கள். கறுப்புக் கிரானைட், பொன் எழுத்து. ஊழியர்கள் பெயரும் வருடமும். ஒருவர் 1934 வரை. அடுத்தவர் 1942 முதல். நடுவில் யாரும் இல்லை. அத்தனை வருடம் இந்தக் கோவிலில் பிரசங்கம் செய்தது யார் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு போட்டோ எடுத்தார்கள்.

ஆராதனையில் குடியரசுத் தலைவருக்காகவும் நாட்டை ஆளுகிறவர்களுக்காகவும் ஜெபம் வந்தது. இப்போதும் அது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சின்ன ஜெபம்தான். ஐயர் சொல்லி முடித்ததும் அத்தனை பேரும் சேர்ந்து ஆமென் சொன்னார்கள். எனக்கு முன்னால் இருந்த குழந்தைகூடச் சொன்னது. ஐயர் இப்போது இதைச் சொல்லாமல் நின்றால் என்று நினைத்துப் பார்த்தேன். ஆமென் சொல்ல வாயைத் திறந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்ப்பார்கள். கடைசிப் பெஞ்சில் துரை. முதல் பாயில் சம்பளத்துக்கும் வீட்டுக்கும் வேறு வழியில்லாத மனைவி, பக்கத்தில் ஒன்பது வயது மகன். உபதேசியார் மட்டும் நிற்கிறார். நான் பாட்டுப் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். பாட்டியம்மா, "என்ன தாயி, காய்ச்சலா?" என்று கேட்டார்கள்.

அசனம் என்கிற சபைப் பொதுவிருந்துக்கு உட்காரச் சொன்னார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வள்ளி

*

ராஜபாளையம்
14 டிசம்பர் 2025

வள்ளி,

புளியமரத்தடியில் உன்னைப் பார்த்தேன். கூப்பிட வாய் வரவில்லை.

பிரதிஷ்டைக்கு நீ போனதை அப்பாவிடம் சொன்னேன். "அந்தப் பிள்ளையாவது போச்சே" என்றார்.

தாத்தா கல்லறைக்குக் கல் வைக்கிறோம். கமிட்டியிடம் வாசகத்தைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். அப்பா, 'பொன்னுராஜ், உபதேசியார் தேவவரம் அவர்களின் மகன்' என்று எழுதிக்கொண்டு போனார். செயலர் அதை வாசித்தாராம். "தகப்பன் பேரு போடுறத யாரு வேண்டாம்பா? போடுங்கண்ணே. உபதேசியாருங்கறது மட்டும் வேண்டாம். நீக்குனவருல்லா" என்றிருக்கிறார். அப்பா அதை அங்கேயே அடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அதனால் 'பொன்னுராஜ், தேவவரம் மகன்' என்றுதான் வரும். அந்தக் காம்பவுண்டுக்குள் கொள்ளுத்தாத்தா பெயர் வருகிற ஒரே இடம். தாத்தா செத்ததால் கிடைத்தது.

கல் கொத்துகிற ஜெயபாண்டி அண்ணன் நேற்று வந்து, "அடியில ஒரு வசனம் போடணுமே, எல்லாரும் போடுவாக. என்ன போட?" என்று கேட்டார். அம்மா ஒரு வசனம் சொன்னாள். அப்பா, நடந்ததையே ஒரு வரியில் போட்டுவிடலாமா என்றார். அதைக் கமிட்டி விடாது. வேறு எதைப் போட்டாலும் அது அவர் இல்லை. நான் ஒன்றும் போட வேண்டாம் என்றேன். "வெறுங்கல்லா விட்டா மூளியாத் தெரியும் பாப்பா, பாக்கவுகல்லாம் கேப்பாக" என்றார் அண்ணன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, "கேக்கட்டும்" என்றார்.

கேட்கிறவர்களுக்கு அப்பா சொல்வார். அப்பாவுக்குப் பிறகு நான். நீயும் அந்தப் பக்கம் போனால், யாராவது கேட்டால் சொல்.

ஜெயில் இல்லாமல் சொல்.

பரி